வாசித்துக் காட்டப்பட்டது

என் வீட்டுக்காரருக்கு நீதிமன்றத்தில் ரேடியோ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேருக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் அதில் கொஞ்சம் பூரித்துத்தான் போவார். கூண்டில் நிற்கிற சாட்சி சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அம்மா அடிப்பார். அடித்து முடித்த தாளை இவர் வாங்கி, சாட்சிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். "ஆமா, நான் சொன்னது இதுதான்" என்று சாட்சி ஒப்புக்கொண்டால் அடியில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துக்கு மேலே "வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டேன்" என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். அந்த வரியின் முதல் பாதி என் புருஷன்.

கல்யாணமான புதிதில் நான் கேலி செய்திருக்கிறேன். "ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் எழுத, அதைச் சொன்னவங்களுக்கே திருப்பிப் படிச்சுக் காட்டுறீங்க. இதுக்கு ஒரு சம்பளமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சாட்சி சொன்னது காதுல இருக்கணும், தாள்ல இருக்கிறது கண்ணுல படணும். ரெண்டும் ஒட்டலன்னா நிறுத்திடுவேன். அதுக்குத்தான் சம்பளம்" என்றார். அது பொய்யில்லை. கணீரென்று வாசித்துக்கொண்டே போகிறவர் நடுவில் நிறுத்தித் தொண்டையைச் செருமினால், டைப்பிஸ்ட் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு பேனாவைத் தேடுவாராம். இவர் இருக்கிற தைரியத்தில்தான் அந்த அம்மா அடித்ததைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்று இவரே பெருமையாகச் சொல்வார். நானும் தெரு முழுக்க இதைச் சொல்லி அளந்திருக்கிறேன். எங்கள் அண்ணி முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே அளந்திருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் தலை பிளக்கிறது என்று படுத்துவிட்டார். வெயிலில் அலைந்தால் அப்படித்தான் என்று நானே வைத்தியம் சொல்லி, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வீட்டில் சில்லறைத் தகராறுகள் தொடங்கின. அறைக்குள் நுழையும்போதெல்லாம் வலது தோளை நிலையில் இடித்துக்கொள்வார். வலது பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். "கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?" என்று கத்துவேன். கண்ணாடியைக் குறை சொல்வார். கண்ணாடியை மாற்றினோம். பிறகு புதுக் கண்ணாடியையும் குறை சொன்னார்.

வாசல் கேட்டில் யாரோ ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். என்னவென்று பார்க்கச் சொன்னேன். போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல, ஏதோ விளம்பரம்" என்றார். மறுநாள் தலைக்குச் சோப்புப் போட்ட பிறகு குழாயில் காற்றுதான் வந்தது. குழாய் மாற்றுகிறார்கள், நாள் முழுக்கத் தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அந்த நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கண்ணில் சோப்பு எரிய, குளியலறைக்குள்ளிருந்தே அவரை வாங்கு வாங்கு என்று வாங்கினேன். அன்று அவர் பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் வாங்கி வந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, சாப்பிடாமல் வேலைக்குப் போனார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது இன்னொரு நாள். நான் கடைக்குப் போயிருந்தபோது அவர் எங்கோ கிளம்பியிருக்கிறார், கதவிடுக்கில் ஒரு துண்டுத்தாள் செருகியிருந்தது. அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என் கண்ணாடி பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டதால் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே வந்துவிட்டார்.

"என்ன எழுதி வச்சிருக்கீங்க? சாவி எங்க?"

"நான் எழுதலையே" என்றார்.

"உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? என்னன்னு படிங்க."

தாளை வாங்கினார். பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவருடைய வலது கைச் சுட்டுவிரல் தொடைமேல் எதையோ மெல்ல வரைந்துகொண்டிருந்தது. "சா" என்றார். நிறுத்தினார். மறுபடி விரலை ஓட்டினார். "வி" என்றார். அதற்குமேல் போக முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்குள் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானே படித்தேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்பதுதான் அதில் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து?"

"அந்தத் தலைவலிக்கு மறுநாள்லேர்ந்து. பேப்பரை எடுத்தேன். எழுத்தெல்லாம் தெளிவா, கறுப்பாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் ஏறல. ஏதோ வேற தேசத்து எழுத்து மாதிரி இருக்கு."

"எழுத மட்டும் வருதா?"

"கை அதுபாட்டுக்கு எழுதுது. எழுதி முடிச்சதும் அது யாரோ எழுதினதா ஆயிடுது. அவசரத்துல எழுதினதே மறந்துபோச்சு, தாளைப் பாத்தா என் எழுத்துன்னும் தெரியல."

"அப்ப கோர்ட்டுல எப்படி வாசிக்கிறீங்க?"

"வாசிக்கல. சாட்சி பேசும்போது நல்லா கேட்டுக்குறேன். தாளைக் கையில வச்சுக்கிட்டு, கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறேன். பக்கம் முடியிற இடம் குத்துமதிப்பா தெரியும், திருப்பிடுவேன்."

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் பெண் சின்ன வயதுதான், ஆனால் பொறுமைசாலி. என் அண்ணன் மகளுக்கு டிஸ்லெக்சியா, எழுத்துக்கூட்டிப் படிக்க வராத கோளாறு, என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டபோது நான் அண்ணியிடம், சோம்பேறித்தனத்துக்குப் புதுசு புதுசாகப் பேர் வைக்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன். இப்போது அந்த வார்த்தையை நானே தயங்கித் தயங்கி எடுத்தேன்.

"எங்க அண்ணன் பொண்ணுக்கு இருக்கே, டிஸ்லெக்சியா, அது இந்த வயசுல வருமா டாக்டர்?"

"அந்தப் பொண்ணுக்கு இருக்கிறது பிறவியிலேயே வர்றதும்மா. பெரியவங்க ஆனப்புறம் அது புதுசா முளைக்காது. சில பேருக்குச் சின்ன வயசுல யாரும் கண்டுக்காம விட்டு, பெரியவங்களானதும் தெரியவரும், அவ்வளவுதான். இவர் கதை வேற. நல்லா படிச்சிட்டிருந்தவருக்கு அது பறிபோயிருக்கு. மூளைக்குப் பின்பக்கம் போற சின்ன ரத்தக்குழாய் ஒண்ணு அடைச்சிருக்கு. கண்ணு எழுத்தைப் பாக்குது, ஆனா அதைப் புரிஞ்சுக்கிற இடத்துக்குச் சேதி போய்ச் சேரல. எழுதுற வழி வேற, அது தப்பிச்சிடுச்சு. வலது பக்கம் பார்வையும் கொஞ்சம் போயிருக்கு, அதான் இடிச்சுக்கிறார்."

"அந்தத் தலைவலி..."

"அதுதான். அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

நான் போட்ட ஈரத்துணி ஞாபகம் வந்தது. அந்த நாற்காலியில் கூனிக் குறுகிப் போனேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எழுத்தின் வடிவத்தை உள்ளங்கையில் விரலால் வரைந்து பார்த்தால் கை வழியாக மூளைக்குத் தெரியும், அப்படியே பழகச் சொன்னார். பலருக்கு ஓரளவு திரும்பும், முழுக்கத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கடைசியில், "வேலை செய்யற இடத்துல சொல்லிடுங்க" என்றார்.

பேருந்திலிருந்து இறங்கி நடக்கும்போது அவர் சொன்னார். "ரேடியோவுக்கு எழுத்துக்கூட்டக்கூட வராதாம்னு கேண்டீன் வரைக்கும் சிரிப்பாங்க."

எனக்கு அண்ணியின் முகம்தான் முதலில் வந்தது. அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன், ஆனால் வந்தது அதுதான். "யார்கிட்டயும் மூச்சு விட வேணாம்" என்றேன். "கொஞ்ச நாள்ல பழகிடும். அதுவரைக்கும் சமாளிங்க." அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். எனக்கும் வந்தது.

சாயங்காலங்களில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பாடம் படித்தோம். பத்திரிகைத் தலைப்பை நான் காட்ட, அவர் இடது உள்ளங்கையில் வலது விரலால் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து சொல்வார். ஒரு தலைப்பு முடிவதற்குள் அடுப்பில் வைத்தது தீய்ந்துவிடும். அழைப்புமணி அடித்தால் நான் பத்திரிகையை நாற்காலி மெத்தைக்கடியில் தள்ளிவிட்டு, அதன்மேல் அவரை உட்காரச் சொல்வேன். இரண்டு வயதானவர்கள் ஏதோ செய்யக்கூடாத காரியம் செய்கிற மாதிரி இருக்கும்.

பிறகு ஒரு சாயங்காலம் வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு பெரிய சலவைக்கூடத்தில் பாய்லர் வெடித்த வழக்கு. வேலை செய்த இரண்டு பேருக்குக் கையும் முகமும் வெந்துபோயிருந்தது. பாய்லர்காரர் இடத்தைவிட்டு எங்கோ போய்விட்டதுதான் காரணம் என்று அவர்மேல் குற்றம். அங்கே இஸ்திரி போடுகிற பெண் சாட்சி சொல்லியிருக்கிறாள். பாய்லர்காரர் கடைசிவரை அங்கேதான் நின்றார், எல்லாரையும் வெளியே ஓடச் சொல்லிக் கத்தியதே அவர்தான், அங்கே இல்லாமல் போனது மானேஜர் என்று. டைப்பிஸ்ட் அம்மா அன்றைக்கு அலுப்பில் ஆளை மாற்றி அடித்துவிட்டார். மானேஜர் நின்றார், பாய்லர்காரர் இல்லை என்று தாளில் ஏறிவிட்டது. இவர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் சொன்னதை அச்சுப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கேட்டாள், சரியென்று தலையாட்டினாள், கைநாட்டு வைத்தாள். வாசித்தவருக்கும் படிக்கத் தெரியாது என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

"இப்ப பாய்லர்காரர் வக்கீல் தாளைப் பாத்துட்டு அந்தம்மாவை மறுபடி கூப்பிட்டிருக்கார். அது, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு அழுவுது. மானேஜர் பக்கத்து வக்கீல், வாசிச்சுக் காட்டி ரேகை வச்சப்புறம் மாத்திப் பேசுறாள், பொய்சாட்சின்னு கேஸ் போடணும்னு நிக்கிறார். நாளைக்கு விசாரிக்கிறாங்க."

"உங்களைக் கேட்டாங்களா?"

"நாளைக்குக் கேப்பாங்க. நான் ஆமா, தாள்ல இருக்கிறதைத்தான் வாசிச்சேன்னு சொன்னா அந்தம்மா பொய்க்காரி. அந்த ஆள் ஜெயிலுக்குப் போவான்."

"இல்லைன்னு சொன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். "ஏன் வேற வாசிச்சேன்னு கேப்பாங்கல்ல?"

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். முன்பின் தெரியாத அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வந்தது, அவள் என்னமோ வேண்டுமென்றே எங்கள் குடியைக் கெடுக்க வந்தவள் மாதிரி. அப்புறம் அந்தக் கோபத்தை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. என்ன செய்யப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. காலையில் கிளம்பும்போது "நீயும் வா" என்று மட்டும் சொன்னார்.

நான் அதுவரை நீதிமன்ற அறைக்குள் போனதில்லை. நினைத்ததைவிடச் சின்ன அறை. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நீதிபதியின் மேஜைக்குக் கீழே டைப்பிஸ்ட் அம்மாவும் அவருக்கு அடுத்து இவரும் இருந்தார்கள். இஸ்திரிப் பெண் கூண்டில் நின்றாள். ஒல்லியான உடம்பு, முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள்.

மானேஜரின் வக்கீல் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். "உங்களுக்கு வாசிச்சுக் காட்டினாங்களா இல்லையா?"

"காட்டினாங்க. இந்த ஐயாதான் வாசிச்சார்."

"கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். ஐயா சரியாத்தான் வாசிச்சார். பாய்லர்காரர் நின்னார்னுதான் வாசிச்சார்."

"தாள்ல அப்படி இல்லையேம்மா. அப்ப அவர் தாள்ல இல்லாததை வாசிச்சாரா? நம்ம ரேடியோவா?" என்றார் வக்கீல். அறை முழுக்கச் சிரித்தது. டைப்பிஸ்ட் அம்மாகூடச் சிரித்தார். அந்தப் பெண் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீதிபதி இவர் பக்கம் குனிந்தார். "நீங்க தாள்ல இருக்கிறதைத்தானே வாசிச்சீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். சொல்லிவிடுங்கள் என்று என் மனசு கூவியது. உங்களிடம் மறைப்பானேன், நான் அங்கே உட்கார்ந்து வேண்டிக்கொண்டது அதைத்தான்.

அவர் எழுந்து நின்றார். வலது தொடை மேஜை முனையில் இடித்தது. "இல்லீங்க ஐயா. அந்தம்மா சொல்றதுதான் நிஜம். தாள்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்கு வாசிக்க வராதுங்க."

மறுபடி சிரிப்பு எழுந்தது. வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அந்தத் தாளை எடுத்து நீட்டினார். "வாசிங்க."

வாங்கினார். மேஜைமேல் விரித்து வைத்தார். இடது கையை விரித்து, வலது விரலால் உள்ளங்கையில் வரையத் தொடங்கினார். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மட்டும் நடந்துகொண்டிருந்த காரியம் அது. எனக்கு அந்த பெஞ்சுக்கடியில் நுழைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"பா" என்றார். அதே குரல், அதே கணீர். அந்தக் குரலில் அந்த ஒற்றை எழுத்து வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. "ய்." விரல் தடுமாறியது, அழித்துவிட்டு மறுபடி வரைகிற மாதிரி வரைந்தார். "ல. ர்." வக்கீல் உட்கார்ந்துவிட்டார். டைப்பிஸ்ட் அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாய்லர். கா. ர. ர்." வியர்வை தாளில் சொட்டியது. ஒரு வரிதான்.

"பாய்லர்காரர் அங்கே இல்லை" என்று வாசித்து முடித்தார். பிறகு பழைய வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். "இங்க மாறியிருக்குங்க ஐயா."

அன்றே அந்தத் தாளை ஒதுக்கிவைத்து, அந்தப் பெண்ணைப் புதிதாகச் சொல்லச் சொன்னார்கள். டைப்பிஸ்ட் அம்மா ஒவ்வொரு வரியையும் திரும்பிப் பார்த்துப் பார்த்து அடித்தார். வாசித்துக் காட்டியவர் வேறொருவர். இவரைத் தன் அறைக்கு வரச்சொன்ன நீதிபதி, மருத்துவச் சான்று கொண்டுவரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னாராம். தலைவலிக்குப் பிறகு இவர் வாசித்த தாள்கள் அத்தனையையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாராம். அதைச் சொல்லும்போது இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவற்றில் இன்னும் எங்கெங்கே எவர் மாறியிருக்கிறாரோ என்ற பயம் எங்கள் இருவருக்குள்ளும் ஒரே நேரத்தில் புகுந்தது.

பேருந்து நிறுத்தத்தில் இஸ்திரிப் பெண் நின்றிருந்தாள். இவரைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். நேராக வந்தாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கே படிக்க வரலன்னு சொல்லியிருந்தா வேற யாராச்சும் வாசிச்சிருப்பாங்கல்ல?"

"வாசிச்சிருப்பாங்கம்மா."

"எனக்கும் படிக்க வராதுன்னு நான் எல்லார் முன்னாடியும் சொல்லித்தானே ரேகை வச்சேன்? உங்களுக்குச் சொல்றதுக்கு என்னங்க?"

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. இவர் இரண்டு கையையும் கூப்பினார். "தப்புதாம்மா. வெட்கமா இருந்துச்சு."

"நான்தான் சொல்ல வேணாம்னு சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாளா, கேட்டாளா என்று தெரியவில்லை.

ஒரு பேருந்து வந்து நின்றது. படித்தவர்களைக் கேட்டே ஏறுகிற பழக்கத்தில் அவள் இவரிடமே திரும்பி, "இது எங்க போவுதுங்க?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் நினைவு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். இவர் பேருந்தின் நெற்றியிலிருந்த ஊர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். இடது உள்ளங்கையை விரித்து, அத்தனை பேர் நிற்கிற இடத்தில், விரலால் வரைய ஆரம்பித்தார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவசரத்தில் நான் ஊர்ப்பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"இரு" என்றார் என்னிடம், கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் சொல்றேன்."

அந்தப் பெண் படியில் ஒரு காலை வைத்து, ஓட்டுநரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.